மூச்சு விட்ட போன்கள்

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், என் செல்லங்களே. கையிலிருக்கும் போனைக் கீழே வைக்கச் சொல்வேன் என்று பயப்பட வேண்டாம். அது பாட்டுக்கு இருக்கட்டும். இந்தக் கதையே அதைப் பற்றித்தான். நடுவில் ஓரிடத்தில் நெஞ்சு லேசாக அடைக்கும். அப்போது பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். கடைசிவரை கூட வந்தால் உங்களை வெறுங்கையோடு அனுப்ப மாட்டேன்.

இது இன்னும் நடக்காத காலத்தில் நடந்தது. இப்போது தொட்டிலில் கிடக்கும் பிள்ளைகள் கல்லூரிக்குப் போகும் காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பொள்ளாச்சிச் சாலையில், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தென்னை மட்டைகளை ஓயாமல் அடிக்கும் ஓரிடத்தில் ஒரு பொறியியல் கல்லூரி. தேங்காய் வியாபாரத்தில் முன்னுக்கு வந்து அதைக் கட்டியவர் தாளாளர் அர்த்தநாரி. அங்கே கணினித் துறையில் உமையாள் என்று ஒரு பேராசிரியை இருந்தாள். காரைக்குடிப் பக்கத்துப் பெண். அவள் ஒரு வரைபடம் செய்தாள்.

வகுப்பு, நூலகம், விடுதி, சாப்பாட்டுக்கூடம் என்று எல்லாக் கூரையிலும் வைஃபை பெட்டி இருக்கிறதல்லவா? நம் போன் எந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் வருகிறதோ, அந்தப் பெட்டி அதைக் குறித்துவைத்துக்கொள்கிறது. நாம் யாருக்கும் பேச வேண்டாம், படம் பார்க்க வேண்டாம். போன் பையில் கிடந்தாலே போதும். உமையாள் அந்தக் குறிப்புகளையெல்லாம் பூத்தொடுப்பதுபோல் தொடுத்தாள். யார் யாரோடு, எந்த அறையில், எவ்வளவு நேரம் என்பதெல்லாம் திரையில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தது. பெயர் வேண்டாம், புள்ளி போதும் என்றுதான் ஆரம்பித்தாள். காய்ச்சல் ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு எப்படி நடந்து போகிறது என்று பார்ப்பது அவள் ஆசை. ஒரு மழைக்காலத்தில், அடுத்து எந்த வகுப்பு தும்மும் என்று முன்கூட்டியே சொன்னாள். அவள் சொன்ன வரிசையிலேயே தும்மினார்கள்.

அர்த்தநாரிக்கு அந்தத் திரையில் வேறொன்று தெரிந்தது.

"ஏனுங்க மேடம், இதுல ஆரு எங்கிருக்காங்கன்னு பளிச்சுன்னு தெரியுதல்லோ? அப்புறம் லேடீஸ் ஹாஸ்டலுக்கு எதுக்குங்க தனியா அட்டெண்டென்ஸ் எடுக்கோணும்?"

புள்ளிகளுக்குப் பெயர் வந்தது அப்படித்தான். பெண்கள் விடுதியில் மாலை ஆறரைக்கு மேல் போன் உள்ளே இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த நிமிடமே அப்பாவுக்குச் செய்தி போய்விடும். பையன்கள் விடுதிக்கு அந்தச் சட்டம் இல்லை. "பசங்க எங்க சுத்துனாலும் பசிச்சா வந்துருவாங்க" என்று அதற்கொரு நியாயம் வைத்திருந்தார்கள்.

பெண்கள் என்ன செய்தார்கள்? பூட்டு போட்டது போனுக்குத்தானே, நமக்கில்லையே என்று கண்டுபிடித்தார்கள்.

இலக்கியா என்று ஒருத்தி. பல்லடத்தில் தறி ஓட்டுகிறவர் மகள். பிறந்ததிலிருந்து தறிச் சத்தத்திலேயே தூங்கி எழுந்தவளுக்கு, சத்தமில்லாத ஓர் அறை கிடைத்ததே பெரிய வரம். அதை விட்டு அவள் எங்கும் போக மாட்டாள். அதனால் வெளியே போகிறவர்கள் எல்லோரும் அவளிடம் போனைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். 'போனைத் தூங்க வைப்பது' என்று அதற்குப் பெயர். எல்லாவற்றையும் ஒரு தலையணை உறைக்குள் போட்டுக் கட்டிலில் வைத்துக்கொண்டு அவள் படிப்பாள். உறைக்குள் ஏதாவது ஒன்று அடிக்கும். எடுப்பாள்.

"அவ குளிச்சிட்டிருக்காளுங்கம்மா."

"நேத்தும் இந்நேரம் குளிச்சிட்டிருந்தாளே கண்ணு?"

"இங்க வெயில் ஜாஸ்திங்கம்மா."

இந்த விடுதிப் பெண்களைப்போல் சுத்தமான பெண்கள் கொங்கு நாட்டிலேயே கிடையாது என்று தாய்மார்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

எங்கேதான் போனார்கள் என்கிறீர்களா? ஒருத்தி மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உரக்கப் பாட்டுப் பாடப் போவாள். இன்னொருத்தி சாலையோரப் பிள்ளையாரிடம் போவாள். சாமி கும்பிடக்கூட ஆறரைக்கு மேல் அனுமதி இல்லையே! ஒருத்தி ஒருவனைப் பார்க்கப் போனாள், அதை மறைப்பானேன்? மித்ராவும் சுபாஷினியும் போனது கல்லூரிக்கு எதிரே இருந்த பேக்கரிக்கு. கோவைப் பக்கத்துப் பேக்கரிகளை உங்களுக்குத் தெரியும். ரொட்டி வாங்கிக்கொண்டு உடனே திரும்புகிற இடமா அது? ஒரு டீயை வைத்துக்கொண்டு சாயங்காலம் முழுக்க உட்காரலாம். முன்பக்கம் பையன்கள் கூட்டம். உள்ளே திரை போட்ட சின்ன அறை ஒன்று. அங்கே உட்கார்ந்து, சூடான தேங்காய் பன்னைப் பிய்த்துத் தின்றுகொண்டு, யாருக்கும் பதில் சொல்லாமல் கொஞ்ச நேரம் இருப்பது. அவ்வளவுதான் அவர்கள் செய்த குற்றம்.

கடைக்காரர் மனைவி தேவகி நிறைமாதக் கர்ப்பிணி. வீங்கிய காலை பெஞ்சில் நீட்டிக்கொண்டு மித்ராவின் பேச்சைக் கேட்பாள். வேலாயுதன் என்ற பாலக்காட்டு டீ மாஸ்டர், இவர்களுக்கென்று தனியாக இஞ்சி தட்டிப் போடுவார். மித்ரா எல்லோரையும்போல் பேசிக் காட்டுவாள். அதில் விடுதி வார்டன் சகாயமேரியின் தூத்துக்குடிப் பேச்சுக்குத்தான் கைதட்டல் அதிகம். "எட்டி, யாருட்டி அது, ஆடி ஆடி வாரது?" என்று ஆரம்பித்தாள் என்றால் தேவகி வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "போதும் கண்ணு, கொழந்த இப்பவே வெளிய வந்துரும்" என்பாள்.

அப்படி இருக்கும்போதுதான் சுருக்குக் காய்ச்சல் வந்தது.

சுருக்குப்பையின் வாயை இழுப்பதுபோல் தொண்டையை இறுக்கிவிடும் காய்ச்சல் அது. ஒரே அறையில் ஒருவர் மூச்சை ஒருவர் வாங்கிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தால் ஒட்டிக்கொள்ளும். சில நாள் ஒன்றுமே தெரியாது. பிறகு உடம்பு சுடும். சுடுவதற்கு முன்னால் ஊசி போட்டால் பிழைத்துக்கொள்ளலாம். சுட்ட பிறகு போட்டால் கேட்காது. ஊசியோ நாடு முழுவதற்கும் கொஞ்சம்தான். அதனால் யாருக்குப் போடுவது என்பதை இந்த மாதிரி வரைபடங்களைக் கேட்டே முடிவு செய்தார்கள்.

மித்ரா ஒரு நாள் காலை ஆய்வகத்தில் சரிந்து விழுந்தாள். கோவை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவளால் பேச முடியவில்லை. மறுநாள் குளிர்பெட்டியோடு ஒரு சுகாதார அதிகாரி வேனில் வந்து இறங்கினார். உமையாளின் வரைபடம் கண்சிமிட்டும் நேரத்தில் பதில் சொன்னது: மித்ராவின் போனோடு தினமும் ஒரே அறையில் இருந்தவர்கள் இவர்கள், இவர்களுக்கு ஊசி போடுங்கள். தலையணை உறைக்குள் தூங்கிய போன்களின் சொந்தக்காரிகள் எல்லோருக்கும் செய்தி வந்தது. இலக்கியாவுக்கும்தான். மீதி ஊசிகள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வேறு ஊருக்குப் போய்விடும்.

இலக்கியா செய்தியைப் பார்த்தாள். அவள் மித்ராவின் பக்கத்தில் உட்கார்ந்து பேசி எத்தனையோ நாளாகிறது. மித்ரா வாசலில் நின்று போனை நீட்டுவாள், இவள் வாங்கிக்கொள்வாள். தன்னிடம் இருந்ததெல்லாம் மித்ராவின் போன். மித்ராவின் மூச்சு பட்டது தேவகியின் மேல். அந்தப் பேக்கரி கல்லூரி வளாகத்துக்குள் இல்லை. அங்கே உமையாளின் பெட்டி எதுவும் இல்லை. வரைபடத்தைப் பொறுத்தவரை அப்படியொரு கடையே உலகத்தில் கிடையாது.

கல்லூரிச் சுகாதார நிலையத்து வரிசையில் சுபாஷினி இலக்கியாவின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"மூஞ்சிய ஏன்டி இப்படி வெச்சிருக்க? ஊசி கெடச்சிருச்சுல்ல?"

"தேவகியக்காவுக்கு?"

சுபாஷினி அவள் வாயைப் பொத்தினாள். "மெதுவா பேசு. வெளிய தெரிஞ்சா எங்கப்பா வண்டியெடுத்துட்டு வந்துருவாரு. ஏற்கெனவே தாராபுரத்துல ஒருத்தனப் பாத்து வெச்சிருக்காங்க. 'ஒரு புகார் வரட்டும், படிப்ப நிறுத்திடறேன்'னு சொல்லித்தான் அனுப்புனாரு. எனக்கு மட்டுமில்ல. இங்க நிக்கிற ஒவ்வொருத்திக்கும் வீட்டுல ஒரு தாராபுரம் இருக்குது."

"அக்காவுக்கு வயித்துல புள்ள சுபா."

"எனக்குத் தெரியாதா? ராத்திரி பூரா அதையேதான் நெனச்சேன்." அவள் கண் கலங்கியது. "நீ எங்கயுமே போகல. ஒனக்கு ஒண்ணும் ஆகாது. அதனால ஒனக்கு நல்லவளா இருக்கிறது சுலபம்டி."

அந்த வார்த்தை இலக்கியாவுக்குச் சுருக்கென்று தைத்தது. பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் வார்டன் சகாயமேரி வந்துவிட்டாள். கட்டைக்குரல். காட்டன் புடவையின் முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள்.

"என்னட்டி ரகசியம்? வரிசைல நில்லுங்க. சாயங்காலமெல்லாம் ஒரே ரூம்ல கூடிக் கூடிப் படிச்சிருக்கியளாம். மெஷினே சொல்லுது. நல்ல பிள்ளையள்." சொல்லிவிட்டு இலக்கியாவின் முகத்தைத் தேவைக்கு மேல் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, ஏதோ சொல்ல வந்ததை விழுங்கினவள்போல் திரும்பிப் போய்விட்டாள்.

இலக்கியாவின் முறை வந்தது. அந்த ஊசிப் பெட்டியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். போன் பக்கத்தில் வந்தால்தான் அந்தப் போனுக்குரிய ஊசியை வெளியே தள்ளும். நர்ஸ் கையை நீட்டச் சொன்னாள்.

"ஒரு நிமிசமுங்க, பாத்ரூம் போயிட்டு வந்தர்றேன்" என்று சொல்லிவிட்டு இலக்கியா வெளியே வந்தாள். வந்தவள் ஓடினாள். உமையாளின் அறைக்குப் போய்த்தான் நின்றாள்.

உமையாள் திரையின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். ராத்திரி முழுக்கத் தூங்காத கண்கள்.

"மேடம், உங்க வரைபடம் தப்புங்க."

"எதுல?"

"நாங்க யாரும் அந்த ரூம்ல இல்லீங்க. போன் மட்டும்தான் இருந்துச்சு."

ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள். தலையணை உறை, பேக்கரி, திரை போட்ட அறை, தேவகி, வேலாயுதன். திட்டு விழும், அழுகை வரும் என்று காத்திருந்தாள். உமையாள் திட்டவில்லை. நாற்காலியைப் பின்னால் தள்ளி, சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும் ஆத்தா" என்றாள்.

இலக்கியாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

"மனுஷ உடம்புல பாதிக்கு மேல தண்ணி. வைஃபை அலை அதுமேல பட்டா கொஞ்சம் தடுமாறும். ஆள் பையில இருக்கிற போனோட அலை, அவ மூச்சு விட்டாக்கூட லேசா நடுங்கும். தலையணை உறையில கெடக்கிற போன் நடுங்காது. செத்த மாதிரி கெடக்கும். உங்க ரூம்ல தினமும் சாயங்காலம் ஒரு குவியல் போன் செத்துக் கெடந்துச்சு. அந்த அட்டெண்டென்ஸ் மெஷினும் அதக் கண்டுபிடிக்கப் பழகிட்டு இருந்துச்சு. இன்னும் ஒரு வாரம் போயிருந்தா உங்க அப்பாமாருக்கெல்லாம் செய்தி போயிருக்கும்."

"அப்புறம் ஏனுங்க போகல?"

"நானும் ஹாஸ்டல்ல இருந்து படிச்சவதான். ஒரு சாயங்காலம் உக்காந்து நாலு வரி புரோகிராம் எழுதினேன். உங்க விடுதியில எந்தப் போன் அசையாமக் கெடந்தாலும், ஆள் பக்கத்துல இருக்கிற மாதிரி அதுக்கு ஒரு நடுக்கம் சேத்துட்டேன். போனுக்கெல்லாம் பொய்யா ஒரு மூச்சு குடுத்தேன். புள்ளைங்க கொஞ்சம் காத்து வாங்கட்டும்னு." உமையாள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். "காய்ச்சல் வரைபடமும் அதே குறிப்புலதானே ஓடுது? அதுவும் அந்த மூச்ச நம்பிருச்சு. நேத்திலேர்ந்து உக்காந்து பாக்கறேன். பொய்ய எடுத்துடலாம். எடுத்தா நீங்க அங்க இல்லேன்னு மட்டும் தெரியும். எங்க இருந்தீங்கன்னு எப்படித் தெரியும்? அது எந்தப் பெட்டியிலயும் இல்ல."

கேட்டீர்களா செல்லங்களே? கெட்ட எண்ணத்தில் சொன்ன பொய் என்றால் அவளே தன்னைத் திட்டி முடித்திருப்பாள். பாசத்தில் சொன்ன பொய். அதை என்ன செய்வது?

இலக்கியா மெல்லச் சொன்னாள். "மேடம், ஊசிப் பெட்டி போனைத்தானுங்களே பாக்குது. எம்போன தேவகியக்கா கையில குடுத்து, மாஸ்க் போட்டுக் கூட்டிட்டு வந்துட்டா? எனக்கான ஊசி அவங்களுக்குப் போயிரும். யாருக்கும் எதுவும் தெரியாது."

உமையாள் நிமிர்ந்தாள். ஒரு கணம் அவள் முகத்தில் வெளிச்சம் வந்தது. எவ்வளவு சுலபமான வழி! தேவகி பிழைப்பாள். பெண்கள் பிழைப்பார்கள். அவள் வேலையும் பிழைக்கும். நாற்காலியிலிருந்து பாதி எழுந்தும்விட்டாள். பிறகு அப்படியே உட்கார்ந்தாள்.

"டீ மாஸ்டருக்கு யார் போனக் குடுக்கறது? கடைக்காரருக்கு? முன்னாடி உக்காந்து டீ குடிச்ச பசங்களுக்கு? தேவகி நேத்து செக்கப்புக்குப் போயிருந்தா, அந்த ஆஸ்பத்திரில பக்கத்துல உக்காந்த பொண்ணுக்கு? நாம ஒருத்திய ஒளிச்சுக் காப்பாத்திட்டுப் பேசாம இருந்தா, காய்ச்சல் நம்ம கண்ணுல படாமலே ஊர் சுத்தும் ஆத்தா."

வெளியே வேனின் கதவைத் திறந்து பெட்டிகளை அடுக்கும் சத்தம் கேட்டது. உமையாள் திரையின் பக்கம் திரும்பி ஏதோ தட்டினாள். ரொம்ப நேரம் ஆகவில்லை. முடிந்ததும் எழுந்து புடவைக் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டாள்.

"வா. தாளாளர்கிட்டப் போகலாம். நீ பேச வேண்டாம்."

அர்த்தநாரி எல்லாவற்றையும் கேட்டார். வெள்ளை வேட்டி, விபூதி, எதிரே ஆறிப்போன காபி.  அவர் குரல் சத்தமாக வந்தது.

"ஏனுங்க, என்ன சொல்றீங்கன்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா? நம்ம ஹாஸ்டல்ல புள்ளைங்க தங்கறதே அந்த மெஷின நம்பித்தானுங்க. இது வெளிய போனா நாளைக்குக் காத்தால அத்தன அப்பங்காரங்களும் வண்டி கட்டிட்டு வந்து நிப்பாங்க!"

"அந்த பேக்கரில இருந்தவங்கள இன்னிக்கே கண்டுபிடிக்கணும் சார்."

"பேக்கரிக்காரன் நம்ம காலேஜ் ஆளுங்களா? அது கவர்மெண்ட் பாத்துக்கும். நீங்க அந்தப் புள்ளைங்க பேர மட்டும் சொல்லுங்க. ஆராரு வெளிய போனதுன்னு."

"சொல்ல முடியாது. விடுதியோட சாயங்காலக் குறிப்பு பூராவும் இப்பத்தான் அழிச்சுட்டு வர்றேன். இனிமே யார் உள்ள இருந்தா, யார் வெளிய போனான்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது."

"ஆரக் கேட்டு அழிச்சீங்க?"

"யாரையும் கேக்கல. அதுக்கு என்ன தண்டனையோ, அத எனக்கு எழுதிக் குடுங்க."  உமையாள் நிறுத்தவில்லை. "மெஷின் இனிமே ஒதவாது சார். வாயால கேக்கணும். பயமில்லாம இருந்தாத்தான் நெசத்தச் சொல்வாங்க. எல்லாப் பிள்ளைங்களையும் சாப்பாட்டுக்கூடத்துக்குக் கூப்பிட்டு, யாருக்கும் தண்டனை கிடையாது, வீட்டுக்கும் செய்தி போகாதுன்னு நீங்களே மைக்ல சொல்லணும்."

"சொல்லாட்டி?"

"உங்க மகன் சாயங்காலம் எங்க டீ குடிக்கிறாரு சார்?"

 அவர் மகன் அந்தக் கல்லூரியிலேயே மூன்றாம் ஆண்டு படித்தான். அர்த்தநாரி காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கடையிலதான் கெடப்பான்" என்றார் கடைசியில். குரல் தேய்ந்திருந்தது. எழுந்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார்.

சாப்பாட்டுக்கூடத்தின் கதவு சன்னலெல்லாம் திறந்துவிடப்பட்டது. காற்று வந்து தட்டுகளை உருட்டியது. பையன்களைக் காற்றாட முற்றத்தில் நிறுத்தி, பெண்களை உள்ளே தள்ளித் தள்ளி உட்கார வைத்தார்கள். எல்லோருக்கும் முகமூடி. கண்கள் மட்டும் வெளியே. அர்த்தநாரி மைக்கைப் பிடித்தார். சொல்லச் சொன்னதைச் சொன்னார். மகன் பெயரை அவர் சொல்லவில்லை. ஆனால் முற்றத்துப் பக்கமே பார்த்துக்கொண்டு பேசினார்.

"அந்த பேக்கரிக்குள்ள போனவங்க ஆராவது இருந்தா சொல்லிருங்க சாமி. ஒண்ணும் பண்ண மாட்டேன். எங்குலதெய்வத்து மேல சத்தியம்."

ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

நம்புவார்களா, சொல்லுங்கள்? இத்தனை நாள் கண்கொத்திப் பாம்பாக வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திடீரென்று சத்தியம் செய்தால்? ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டார்கள். சுபாஷினி விரலை விரலோடு பின்னிக்கொண்டாள். இலக்கியா எழுந்து நிற்கலாம். ஆனால் அவள் எழுந்தால், அவள் வாயால் வெளியே போகும் பெயர்கள் எல்லாம் மற்றவர்களுடையவை. 'ஒனக்கு நல்லவளா இருக்கிறது சுலபம்டி' என்ற சொல் அவளை முதுகில் கைவைத்து அழுத்தியது. சுகாதார அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். வேன் ஓட்டுநர் உள்ளே எட்டிப்பார்த்து, "சார், கெளம்பலாங்களா?" என்றார்.

"இரும்" என்றது ஒரு கட்டைக்குரல்.

வார்டன் சகாயமேரி சுவரோரத்திலிருந்து நடுவுக்கு வந்தாள். மைக்கை வாங்கவில்லை. அந்தக் குரலுக்கு எதற்கு மைக்?

"நான் போயிருக்கேன்" என்றாள்.

அர்த்தநாரி, "மேடம், நீங்க செக் பண்ணப் போயிருப்பீங்க..." என்று ஆரம்பித்தார்.

"செக் பண்ணவுமில்ல ஒண்ணுமில்ல. டீ குடிக்கப் போனேன். எனக்கும் சாயங்காலம் எட்டு மணி வரைக்கும் ஆபீஸ் ரூம விட்டு அசையக்கூடாதுன்னுதான சட்டம்? எம்போனையும்தான மெஷினு பாக்குது? போன சார்ஜ்ல மாட்டிப்போட்டு, பின்வாசல் வழியா தெனமும் போனேன். அடுப்பறைக்குப் பக்கத்துல, மாவு மூட்டைக்கு நடுவுல, தேவகி எனக்கொரு ஸ்டூல் போட்டுத் தருவா. சர்க்கரை வியாதிக்காரிக்குச் சீனி போட்டு டீ தருவா. எனக்கும் இந்தப் பிள்ளையளுக்கும் நடுவுல ஒரு பலகைதான்." அவள் நிறுத்தி மூச்சு வாங்கினாள். "மித்ரா என்னை மாதிரியே பேசிக் காட்டுவா. அச்சு அசலா இருக்கும். பலகைக்கு இந்தப் பக்கம் நான் வாயப் பொத்திக்கிட்டுச் சிரிப்பேன். நேத்து அவ விழுந்தான்னு கேட்டதுலேருந்து எம்மூச்ச நானே எண்ணிக்கிட்டு இருக்கேன். எனக்கு ஊசி வரல. மெஷினப் பொறுத்தமட்டுல நான் ஆபீஸ் ரூம விட்டு அசையல. சொன்னா வேல போயிரும்னு காலைலேருந்து வாய மூடிக்கிட்டு, இந்தப் பிள்ளையள வரிசைல நிறுத்திக்கிட்டு இருந்தேன். இவ்வளவுதாட்டி நான்."



முதலில் எழுந்தது சுபாஷினி. "நானும் மேடம்" என்றாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. "தேவகியக்கா எம்பக்கத்துலதான் உக்காருவாங்க."

அப்புறம் பிள்ளையாரிடம் போனவள் எழுந்தாள். "நான் பேக்கரிக்கே போனதில்லீங்க. எனக்கு வந்த ஊசி வேண்டாம், அவங்களுக்குக் குடுத்துருங்க." தண்ணீர்த்தொட்டிப் பாட்டுக்காரி எழுந்தாள். யாரையோ பார்க்கப் போனவளும் எழுந்தாள். இலக்கியா கையை உயர்த்தினாள். விட்டுக்கொடுக்கத் தன்னுடையது என்று அவளிடமும் ஓர் ஊசி இருந்தது. முற்றத்திலிருந்து பையன்கள் குரல் கொடுத்தார்கள். அதில் அர்த்தநாரியின் மகன் குரலும் இருந்தது. சுகாதார அதிகாரி ஓட்டுநரைப் பார்த்துக் கையசைத்தார். வேன் கிளம்பாமல் நின்றது. ஊசிப் பெட்டியில் பெயர்களை மாற்றிப் பதிந்துகொண்டு, அதே வேனில் பேக்கரிக்குப் போனார்கள்.

தேவகிக்கு உடம்பு சுடவில்லை. ஊசி போட்டாயிற்று. கடைக்காரருக்கும் போட்டாயிற்று. சகாயமேரி ரவிக்கைக் கையை மடித்துவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ஊசி என்றால் அவளுக்குப் பயமாம். சுபாஷினிதான் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வேலாயுதனுக்கு மட்டும் அன்று விடியலிலேயே சுடத் தொடங்கியிருந்தது. அடுப்பின் சூடு என்று நினைத்து, மத்தியானம்வரை டீ ஆற்றிக்கொண்டு நின்றிருக்கிறார். அவரைப் பாலக்காட்டுக்குக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பி வரவில்லை. முதல் நாளே கேட்டிருந்தால்? கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்களா? இந்தக் கேள்வியை உமையாள் எங்கே போனாலும் கூடவே தூக்கிக்கொண்டு போனாள். அந்தக் கல்லூரியில் அவளுக்கு வேலை இல்லாமல் போயிற்று. அதற்கு அவள் வருத்தப்படவில்லை. வேலாயுதனின் பெண்ணுக்கு மாதாமாதம் போன் செய்தாள். என்ன பேசுவதென்று தெரியாமல், சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்பாள்.

மித்ரா பிழைத்தாள். குரல் கம்மிப்போனது. யாரைப்போலவும் இனிப் பேசிக் காட்ட முடியாது.

அர்த்தநாரி சத்தியத்தை முக்கால்வாசி காப்பாற்றினார். அந்த மெஷினைக் கழற்றினார். ஆனால் செய்தி எப்படியோ கசிந்து, சுபாஷினியின் அப்பா வண்டியெடுத்துக்கொண்டு வந்து அவளைப் பெட்டியோடு ஏற்றிக்கொண்டு போனார். சகாயமேரி அந்த வீட்டுக்குப் போனாள். வாசலோடு அனுப்பினார்கள். மறுபடி போனாள். உட்காரச் சொல்லாமல் பேசினார்கள். மறுபடியும் போய், "உங்க மக அன்னைக்கு எந்திரிச்சுப் பேசலன்னா ஒரு தாயும் பிள்ளையும் இன்னைக்கு இல்ல. இப்படிப்பட்ட பிள்ளையப் பூட்டி வைக்கவாய்யா பெத்தீரு?" என்று அந்தக் கட்டைக்குரலில் தெருவே கேட்கும்படி கேட்டாள். சுபாஷினியின் அப்பா மகள் பக்கம் திரும்பினார். 

"நீ போனத எங்கிட்ட ஏஞ்சொல்லல கண்ணு?"

"நீங்க கேட்டதே இல்லீங்களேப்பா. மெஷினைத்தான் கேட்டீங்க."

அடுத்த வாரம் அவரே அவளைக் கொண்டுவந்து விடுதியில் விட்டார்.

அவ்வளவுதான் செல்லங்களே. கையைப் பிடித்துக்கொண்டவர்கள் இன்னும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே இருங்கள், தப்பில்லை. உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் இருக்கட்டும். வெளியே போன கால்கள் வழி தவறாமல் வீடு வந்து சேரட்டும். வாசலில் நின்று "எங்கே போயிருந்தாய்?" என்று கேட்கிறவர் குரலில் அன்பு இருக்கட்டும். அதைக் கேட்டு உள்ளே நுழைகிறவர் உண்மையைச் சொல்லிவிட்டு, பயமில்லாமல் சோற்றில் கை வைக்கட்டும்.